கோடும் இறகும்

ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஜெர்மனியின் சாக்சனி நாட்டில் ஒரு குல்டனுக்குச் சில்லறை கேட்டால் 21 குரோஷன் கொடுப்பார்கள். ஒரு குரோஷனுக்கு 12 ஃபென்னிக். அப்படியானால் ஒரு குல்டனுக்கு 252 ஃபென்னிக். குழப்பம் இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அடுத்த ஊருக்குப் போனால் துணி அளக்கும் கோலின் நீளம் மாறும், தானியம் அளக்கும் படி மாறும். பெயரில் நூறு ராத்தல் என்று சொல்லிக்கொள்ளும் எடைக்கல்லில் சில ஊர்களில் 110 ராத்தல் இருக்கும். கையில் காசை வைத்துக்கொண்டு கடை முன்னால் நிற்பவருக்குத் தான் கொடுப்பது நியாயமான தொகைதானா என்று சரிபார்க்க வழியில்லை. கணக்குத் தெரிந்த வியாபாரி வாயில் வந்ததுதான் விலை.

இந்தக் குழப்பத்தையே பாடமாக்கிப் பிழைப்பு நடத்தியவர்கள் கணக்கு வாத்தியார்கள். பல்கலைக்கழகத்தோடும் லத்தீனோடும் அவர்களுக்குச் சம்பந்தமில்லை. ஊரில் ஒரு வீட்டைப் பிடித்து, வியாபாரிகளின் பிள்ளைகளையும் கைவினைஞர்களின் பிள்ளைகளையும் சேர்த்து, கட்டணம் வாங்கிக்கொண்டு கணக்கு சொல்லிக்கொடுத்தார்கள். அப்படி இருந்தவர்களில் பலருடைய பெயர் இன்று யாருக்கும் தெரியாது. ஒருவர் பெயர் மட்டும் ஜெர்மன் மொழியில் கலந்துபோய்விட்டது. கடையில் கூட்டிப் பார்த்துத் தொகையைச் சொல்லும்போது “ஆடம் ரீஸ் கணக்குப்படி இவ்வளவு” என்று சொல்லும் வழக்கம் அங்கே இன்றும் உண்டு. சொல்வதில் பாதிப்பேருக்கு அந்த ஆள் யாரென்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆடம் ரீஸ் 1492-இலோ 1493-இலோ பிறந்தவர். பாம்பெர்க் நகருக்குப் பக்கத்திலுள்ள ஷ்டாஃபெல்ஷ்டைன் என்ற சிற்றூர். தந்தை கோன்ட்ஸ் ரீஸ், மாவு அரைக்கும் நீராலை வைத்திருந்தவர். பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தார், யாரிடம் கணக்கு கற்றார் என்பதற்கு ஆவணம் கிடையாது. பல்கலைக்கழகம் போனதற்கும் சான்றில்லை. 1509-இல் தம்பியோடு ட்ஸ்விக்காவ் நகரில் இருந்திருக்கிறார். சில ஆண்டுகள் கழித்து, சுரங்க ஊரான அன்னாபெர்க்கில் தென்படுகிறார். 1517-இல் சொத்துத் தகராறு ஒன்றுக்காகச் சொந்த ஊர்ப் பதிவேட்டில் அவர் பெயர் ஏறுகிறது. இளமைக் காலத்துக்கு நமக்குக் கிடைக்கும் தடயம் இவ்வளவே. ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அளவையும் கூலியும் சிறு வயதிலேயே பழகியிருக்கும் என்று ஊகிக்கலாம், அதற்குமேல் கதை கட்ட வேண்டாம்.

1518-இல் எர்ஃபுர்ட் நகரில் கணக்குப் பள்ளி திறக்கிறார். எர்ஃபுர்ட் அப்போது பெரிய பல்கலைக்கழக நகரம். கேயோர்க் ஷ்டூர்ட்ஸ் என்ற மருத்துவர் அங்கே அவருக்கு நண்பராகிறார். பழைய கணித நூல்களும் கையெழுத்துப்படிகளும் ரீஸின் கைக்கு எட்ட அவர்தான் வழிசெய்தார். அந்த ஊரில்தான் ரீஸ் தன் முதல் இரண்டு புத்தகங்களையும் எழுதினார். முதலாவது 1518-இல் குழந்தைகளுக்காக எழுதியது, ‘கோடுகளின்மேல் கணக்கு’. இரண்டாவது 1522-இல் எர்ஃபுர்ட்டில் அச்சான ‘கோடுகளின்மேலும் இறகாலும் கணக்கு’. இறகு என்றால் இறகுப் பேனா. இந்த இரண்டாவது புத்தகம்தான் அவரை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 17-ஆம் நூற்றாண்டு வரை 120-க்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன.

ரீஸைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படும் ஒரு செய்தியை இங்கேயே தள்ளிவைத்துவிடலாம். 1, 2, 3 என்ற எண்வடிவங்களை ஜெர்மனிக்குக் கொண்டுவந்தவர் அவர் என்பார்கள். அப்படியில்லை. இந்தியாவில் உருவான அந்த எண்முறையைப் பற்றி பாக்தாதில் அல்-குவாரிஸ்மி 9-ஆம் நூற்றாண்டில் எழுதினார். அந்த நூல் 12-ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் போனது. ரீஸ் பிறப்பதற்கு முன்பே ஜெர்மன் மொழியில் கணக்குப் புத்தகங்கள் அச்சாகிவிட்டன. 1483-இல் பாம்பெர்க்கில் ஒன்று வந்தது. 1489-இல் லைப்ட்ஸிக்கில் யோஹன்னஸ் விட்மன் எழுதியது வந்தது. அச்சில் கூட்டல், கழித்தல் குறிகள் முதன்முதலில் தென்படுவது அந்தப் புத்தகத்தில்தான். எனவே புதிய எண்ணும் பழையது, ஜெர்மன் மொழிக் கணக்குப் புத்தகமும் பழையது. ரீஸ் செய்தது வேறு. எதை முதலில் சொல்லிக்கொடுப்பது, எதைப் பிறகு சொல்லிக்கொடுப்பது என்பதை அவர் சரியாகப் பிடித்தார்.

அது புரிய வேண்டுமென்றால் அந்தக் காலத்துக் கணக்கு மேசையைப் பார்க்க வேண்டும்.

மேசைமேல் சுண்ணக்கட்டியால் படுக்கைவாட்டில் நான்கு கோடுகள். அடிக்கோடு ஒன்றுகளுக்கு. அதற்கு மேலே பத்து, அதற்கு மேலே நூறு, அதற்கும் மேலே ஆயிரம். ஆயிரத்துக் கோட்டில் அடையாளத்துக்காக ஒரு சிறு பெருக்கல்குறி. கோடுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளும் சும்மா இல்லை, கீழிருந்து மேலாக 5, 50, 500. கையில் காசு வடிவிலான உலோக வில்லைகள். இவற்றை நியூரம்பெர்க் பட்டறைகள் கணக்கு போடுவதற்கென்றே அடித்து விற்றன. கம்பியும் சட்டமும் இல்லாத மணிச்சட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

478-ஐயும் 356-ஐயும் கூட்ட வேண்டும். 478-க்கு நூற்றுக் கோட்டில் 4 வில்லை, ஐம்பது இடைவெளியில் 1, பத்துக் கோட்டில் 2, ஐந்து இடைவெளியில் 1, ஒன்றின் கோட்டில் 3. இதன்மேலேயே 356-ஐயும் வைக்கிறோம். நூற்றுக் கோட்டில் இன்னும் 3, ஐம்பதில் 1, ஐந்தில் 1, ஒன்றில் 1. கூட்டல் முடிந்தது. உண்மையாகவே முடிந்துவிட்டது; இனி ஒழுங்குபடுத்துவதுதான் பாக்கி. விதி இரண்டே. ஒரு கோட்டில் ஐந்து வில்லை சேர்ந்தால் அவற்றை எடுத்துவிட்டு மேலிருக்கும் இடைவெளியில் ஒன்று வை. ஓர் இடைவெளியில் இரண்டு சேர்ந்தால் எடுத்துவிட்டு மேல்கோட்டில் ஒன்று வை. ஐந்து இடைவெளியில் இரண்டு கிடக்கின்றன. போனால் பத்துக் கோட்டில் மூன்றாகிறது. ஐம்பதிலும் இரண்டு, போனால் நூற்றுக் கோட்டில் எட்டாகிறது. எட்டில் ஐந்து போய் ஐந்நூறில் ஒன்றாகிறது, மூன்று மிஞ்சுகிறது. இப்போது மேசையைப் படித்தால் 834.

நம் பள்ளியில் “ஆறும் எட்டும் பதினான்கு, 4 போட்டு மீதி 1” என்று ஒப்பித்தோமே, அந்த ‘மீதி 1’ எங்கே போகிறது, ஏன் போகிறது என்பது இந்த மேசையில் கண்ணுக்குத் தெரிகிறது. கழித்தலிலும் இப்படித்தான். ஒன்றின் கோட்டில் எடுக்கப் போதுமான வில்லை இல்லாவிட்டால், பத்துக் கோட்டிலிருந்து ஒரு வில்லையை எடுத்துவிட்டு ஐந்து இடைவெளியில் இரண்டு வைக்கிறோம். கடைக்காரர் பத்து ரூபாய்த் தாளுக்கு இரண்டு ஐந்து ரூபாய் கொடுப்பது எதுவோ அதுதான் இது. ‘பக்கத்து வீட்டில் கடன் வாங்கு’ என்ற சொல்லால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படும் குழப்பம் (வாங்கிய கடனை எப்போது திருப்பிக் கொடுப்பது என்று கேட்ட பிள்ளைகளும் உண்டு) மேசையில் எழவே எழாது. அங்கே யாரும் கடன் வாங்குவதில்லை, சில்லறை மாற்றுகிறார்கள்.

இதில் ஒரு பெரிய குறை உண்டு. கணக்கு முடிந்ததும் வில்லைகளை வாரிப் பையில் போட்டாயிற்று. நடுவில் என்ன செய்தோம் என்பதற்குத் தடயமே இல்லை. விடையை ரோம எண்களில் ஏட்டில் எழுதிவைப்பார்கள். தொகை தப்பாக இருந்தால் எந்த இடத்தில் தப்பியது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க முடியாது. எண்களைப் பேனாவால் எழுதி அந்தத் தாளிலேயே கணக்கு போட்டால் ஒவ்வொரு அடியும் அப்படியே நிற்கும், இன்னொருவர் சரிபார்க்கலாம். காரணம் இவ்வளவு தெளிவாக இருந்தும் வணிகர்கள் தயங்கினார்கள். 1299-இலேயே ஃபிளாரன்ஸ் நகரின் பணமாற்றுவோர் சங்கம், கணக்கேட்டில் இந்தப் புதிய எண்களால் எழுதக்கூடாது என்று தடை போட்டிருந்தது. ஒரு 0-ஐ 6 ஆகவோ 9 ஆகவோ திருத்துவது சுலபம் என்ற பயம் பலருக்கும் இருந்தது. அதைவிட, ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஒரு குறி என்பது பலருக்குப் புரியவில்லை.

ரீஸ் தன் புத்தகத்தில் தெளிவாகவே எழுதுகிறார்: பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த அனுபவத்தில், கோடுகளில் தொடங்கியவர்கள் எண்களை வைத்து நேராகப் பேனாவில் தொடங்கியவர்களைவிடச் சுறுசுறுப்பாகவும் தடங்கலின்றியும் கணக்கு போடுகிறார்கள் என்று. பேனாக் கணக்கின் பலத்தை நன்றாக அறிந்தவர் அவர். அறிந்தும், பழைய முறையைத் தூக்கி எறியவில்லை. அதையே படியாக்கி ஏறச் சொன்னார்.

304 என்ற எண்ணை மேசையில் வையுங்கள். நூற்றுக் கோட்டில் 3, ஒன்றின் கோட்டில் 4, நடுக்கோடு காலி. காலியாக இருந்தாலும் கோடு அங்கேயே இருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தாளில் கோடு கிடையாது. 3-ஐயும் 4-ஐயும் மட்டும் எழுதினால் 34 ஆகிவிடும். காலியான கோட்டுக்குப் பதிலாக ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும், அதுதான் 0. மேசையில் பழகிய பிள்ளைக்குச் சுழியம் புதிராகத் தோன்றாது. அது தினமும் பார்த்த வெற்றுக் கோடுதான். ஒன்பது எண்களுக்கு மதிப்பு உண்டு, பத்தாவதான சுழியத்துக்குத் தனியாக மதிப்பில்லை, ஆனால் பக்கத்திலிருப்பதை உயர்த்திவிடும் என்று ரீஸ் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். தத்துவ விசாரம் எதுவும் இல்லை. இன்றைய தொடக்கப் பள்ளிகளில் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி இடமதிப்பு சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைகள், பெயர் தெரியாமலேயே இந்த வழியில்தான் போகிறார்கள்.

புத்தகத்தின் நடை வெட்டு ஒன்று துண்டு இரண்டு ரகம். ஒரு கணக்கு, உடனே ‘இப்படிச் செய்’ என்று கட்டளை, கீழே விடை. ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதற்குப் பெரும்பாலும் விளக்கமே கிடையாது. நிரூபணம் தேடுகிறவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். ரீஸ் மேல் எனக்குள்ள ஒரே மனக்குறையும் அதுதான். ஆனால் புத்தகத்தைத் தனியாக வைத்துப் படிக்கக்கூடாது. வாத்தியாரோடு சேர்த்து எழுதப்பட்டது அது. காரணத்தை வாய்வழியாகச் சொல்லியிருப்பார்கள், அச்சுக்கு வந்தது பயிற்சி மட்டும். போட்ட கணக்கைச் சரிபார்க்கும் வழிகளையும் அவர் விடாமல் சொல்கிறார். கூட்டலைக் கழித்தலால் சோதி, இரட்டிப்பை அரைபாகத்தால் சோதி, பெருக்கலை ஒன்பதால் வகுத்த மீதியை வைத்துச் சோதி. வாத்தியார் பக்கத்தில் இல்லாதபோது மாணவன் தன் தவறைத் தானே பிடிக்க வேண்டும் என்ற கவலை அதில் தெரிகிறது.

புத்தகத்தின் முதுகெலும்பு மூன்று தொகை விதி. தெரிந்த மூன்றை வைத்துத் தெரியாத நான்காவதைக் கண்டுபிடிப்பது. எட்டு முழம் துணி 1 குல்டன் 3 குரோஷன், இருபது முழம் என்ன விலை? முதலில் எல்லாவற்றையும் குரோஷனாக்க வேண்டும்: 21-ம் 3-ம் 24. இனி மூன்று எண்களையும் வரிசையாக வைக்க வேண்டும். எதற்கு விலை தெரிய வேண்டுமோ அது கடைசியில், அதற்கு இனமானது முதலில், வேறு இனம் நடுவில்: 8, 24, 20. கடைசியையும் நடுவையும் பெருக்கினால் 480, முதலால் வகுத்தால் 60 குரோஷன். திரும்ப மாற்றினால் 2 குல்டன் 18 குரோஷன். இந்த விதி ஆரியபடர், பிரம்மகுப்தர் நூல்களில் திரைராசிகம் என்ற பெயரில் இருக்கிறது. அரபு நாடுகள் வழியாக இத்தாலிய வணிகர்களுக்கும் அங்கிருந்து ஜெர்மன் சந்தைகளுக்கும் போனது. ரீஸ் அதையே துணி, மிளகு, மெழுகு, பித்தளை, வட்டி, கூட்டு வியாபார லாபம் என்று ஒவ்வொரு சரக்காக மாற்றி மாற்றிப் போடவைக்கிறார். சலிப்பாக இருக்கும். ஆனால் சந்தைக்குப் போகும் பையனுக்கு எந்தச் சரக்கும் புதிதாக இருக்காது.

சலிப்பைப் போக்க அவர் கையாண்ட தந்திரம் விடுகதை. ஒருவன் ஒரு கூட்டத்தைப் பார்த்து, “முப்பது பேருக்கும் வணக்கம்” என்கிறான். கூட்டத்தில் ஒருவன் பதில் சொல்கிறான்: நாங்கள் இருப்பதோடு இன்னும் இவ்வளவு பேரும், இதில் பாதிப்பேரும் சேர்ந்தால்தான் முப்பது. அப்படியானால் எத்தனை பேர்?

சமன்பாடு தெரிந்தவர் ஒரே வரியில் போட்டுவிடுவார். ரீஸின் மாணவர்களுக்கு எழுத்துக் கணிதம் கிடையாது. அவர் சொல்லிக்கொடுத்தது பொய் ஊக விதி: முதலில் வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல், தவறாக இருந்தாலும் பாதகமில்லை. எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்வோம். எட்டும் எட்டும் நாலும் 20. முப்பதுக்கு 10 குறைகிறது. இன்னொரு ஊகம், பதினான்கு. பதினான்கும் பதினான்கும் ஏழும் 35. இப்போது 5 கூடுகிறது. இனி குறுக்கே பெருக்கு: முதல் ஊகத்தை இரண்டாவது பிழையால், 8 × 5 = 40. இரண்டாவது ஊகத்தை முதல் பிழையால், 14 × 10 = 140. கூட்டினால் 180. பிழைகளின் கூட்டுத்தொகை 15-ஆல் வகுத்தால் 12. பன்னிரண்டு பேர். சரிதானா? 12, 12, 6, முப்பது.

மாயம்போலத் தோன்றும் இதற்குள் இருப்பது எளிய விஷயம். ஊகத்தை ஒன்று கூட்டினால் விடை எப்போதும் இரண்டரை கூடுகிறது, ஏற்றம் சீரானது. எனவே ஊகம் உண்மையிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, பிழையும் அந்த விகிதத்தில்தான் இருக்கும். 8-இல் பிழை 10, 14-இல் பிழை 5. உண்மை, 14-ஐவிட 8-இலிருந்து இரண்டு மடங்கு தள்ளியிருக்கிறது. நடுவிலுள்ள 6-ஐ நாலும் இரண்டுமாகப் பிரித்தால் 12-இல் போய் நிற்கிறோம். ஒரே அடியில் விடை வராத சிக்கலான சமன்பாடுகளுக்கும், இரண்டு ஊகம் போட்டு நடுவில் ஒரு நேர்கோடு இழுத்து மெல்ல மெல்ல நெருங்கும் வழியைக் கணினிகள் இன்றும் பயன்படுத்துகின்றன. எண்சார் கணிதப் பாடநூல்களில் அதற்குப் பெயரும் பழைய லத்தீன் பெயரேதான், ரெகுலா ஃபால்சி.

இன்னொரு கணக்கில் ஆணும் பெண்ணுமாக 21 பேர் குடித்துவிட்டு 81 ஃபென்னிக் கணக்கு வைக்கிறார்கள். ஆணுக்கு 5, பெண்ணுக்கு 3. எத்தனை ஆண், எத்தனை பெண்? எல்லோரும் பெண் என்று வைத்தால் 63. மிஞ்சிய 18-ஐ வித்தியாசமான 2-ஆல் வகுத்தால் 9 ஆண்கள், 12 பெண்கள். பாடப் புத்தகத்தில் மதுக்கடைக் கணக்கா என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கலாம். அந்தக் காலத்து ஊர்களில் பீர் அன்றாடம் புழங்கிய பானம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

1522-ஐ ஒட்டி ரீஸ் அன்னாபெர்க்குக்கே குடிபெயர்ந்தார். 1490-களில் வெள்ளி கிடைத்ததால் எர்ட்ஸ் மலையில் திடீரென்று முளைத்த நகரம் அது. அங்கே 1525-இல் ஃப்ரைபெர்க் நகரத்துப் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகளான அன்னா லோய்பரைத் திருமணம் செய்தார், நகரக் குடியுரிமை பெற்றார், யோஹான்னிஸ் சந்தில் வீடு வாங்கினார். அந்த வீட்டில்தான் இன்று அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது.

பள்ளி நடத்தியதோடு சுரங்க நிர்வாகத்திலும் வேலை பார்த்தார். அங்கே கணக்கு வெறும் விடுகதை அல்ல. ஒரு சுரங்கம் 128 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். வெள்ளி கிடைத்தால் பங்குக்கு இவ்வளவு என்று லாபம். கிடைக்காவிட்டால் பங்குக்கு இவ்வளவு என்று கைக்காசு போட வேண்டும். பங்குகள் கைமாறிக்கொண்டே இருக்கும், தூரத்து நகரத்து வணிகர்கள் வாங்குவார்கள் விற்பார்கள். காலாண்டுக்கு ஒருமுறை எந்தச் சுரங்கம் எவ்வளவு கடனில், எவ்வளவு லாபத்தில் என்று எழுதியாக வேண்டும். ரீஸ் முதலில் அந்தக் கடன்–லாபக் கணக்கை எழுதும் எழுத்தராக இருந்தார். 1532-இல் யாருக்கு எத்தனை பங்கு என்ற பதிவேட்டைக் காக்கும் பொறுப்பு வந்தது. அடுத்த ஆண்டு, பக்கத்து ஊரான கையரில் ஆட்சியாளருக்குச் சேர வேண்டிய பத்தில் ஒரு பங்கை வசூலிக்கும் பதவி. பேனாக் கணக்கு ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. பங்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில் வில்லைகளை வாரிப் பையில் போட்டுவிட்டுப் போக முடியாது. 1539-இல் சாக்சனி அரசவைக் கணக்காளர் என்ற பட்டம் கிடைத்தது.

என் பார்வையில் அவர் செய்த வேலைகளிலேயே சிறந்தது புகழ்பெற்ற அந்தப் பாடநூல் அல்ல, 1533-இல் அன்னாபெர்க் நகர மன்றத்துக்காகச் செய்த ரொட்டிக் கணக்கு. மலை ஊர், சுற்றிலும் சுரங்கம். தானியம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். ஆனால் ரொட்டியின் விலையை மாற்ற முடியாது. ஒரு ஃபென்னிக்குக்குக் கீழே புழங்குவதற்குத் தோதான சில்லறை இல்லை. ஒரு ஃபென்னிக் ரொட்டி எப்போதும் ஒரு ஃபென்னிக்தான். மாறுவது எடை. தானியம் மலிந்தால் பெரிய ரொட்டி, ஏறினால் சிறிய ரொட்டி. எவ்வளவு சிறியது? ரொட்டிக்காரர் சொன்னதுதான்.

இது மூன்று தொகை விதியின் தலைகீழ் வடிவம். விலை கூடினால் எடை குறைய வேண்டும். உதாரணத்துக்கு, தானியம் ஒரு மூட்டை 20 குரோஷன் விற்கும்போது ரொட்டி 24 லோட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம் (32 லோட் ஒரு ராத்தல்). தானியம் 30 குரோஷனுக்கு ஏறினால் 20-ஐ 24-ஆல் பெருக்கி 30-ஆல் வகுக்க வேண்டும், 16 லோட். விலை ஒன்றரை மடங்கானால் எடை மூன்றில் இரண்டு பங்கு. பழக்கமில்லாத மனம் ‘பாதி ஏறியதால் பாதி குறையட்டும்’ என்று 12 லோட்டுக்குத் தாவும். அந்த நான்கு லோட் வித்தியாசம் சத்தமில்லாமல் கடைக்காரர் பக்கம் போய்ச் சேரும். ரீஸ் இந்தக் கணக்கை மக்களிடம் போட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. தானிய விலை ஒவ்வொன்றுக்கும் ரொட்டி எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று அட்டவணையாகவே போட்டுக்கொடுத்துவிட்டார். எழுத்துக்கூட்டி எண் படிக்கத் தெரிந்து, பக்கத்தில் ஒரு தராசு இருந்தால் போதும். ஏழை எளியவர் ரொட்டி வாங்கும்போது ஏமாறக்கூடாது என்பதே நோக்கம் என்று அவரே காரணமும் சொல்கிறார். தானியம், திராட்சை மது, எடைச் சரக்கு ஆகியவற்றுக்கான விலை அட்டவணைகளோடு இது 1536-இல் லைப்ட்ஸிக்கில் சிறு புத்தகமாக அச்சானது. கணிதப் புதுமை என்று பார்த்தால் இதில் ஒன்றுமே இல்லை. ஆனால் கணக்குத் தெரியாதவரும் பயன்படுத்தக்கூடிய கணக்கு இதில் இருக்கிறது. பாடநூல் எழுதும் எல்லோருக்கும் அந்த எண்ணம் வருவதில்லை.

பெரிய புத்தகம் ஒன்றை நீண்டகாலமாக மனதில் வைத்திருந்தார். விரிவான, எண்ணற்ற பயிற்சிகளோடு கூடிய நூல். அச்சிடும் செலவுக்கு வழியில்லாமல் அது இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் சாக்சனியின் ஆட்சியாளர் மோரிட்ஸ் பண உதவி செய்ய, 1550-இல் லைப்ட்ஸிக்கில் வெளிவந்தது. முகப்பில் தாடியோடு ஒரு மரச்செதுக்குப் படம். அவர் உயிரோடு இருந்தபோது வந்த ஒரே படம் அதுதான். படத்தைச் சுற்றி ஆண்டும், அவர் வாழ்வின் 58-ஆவது ஆண்டு அது என்பதும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர் பிறந்த ஆண்டை நாம் கணக்கிடுவதே அதை வைத்துத்தான். கணக்கு வாத்தியாரின் பிறந்த ஆண்டுக்கும் ஒரு கழித்தல் தேவைப்படுகிறது.

1559-இல் அவர் இறந்தார். பிள்ளைகளில் பலர் தந்தையின் தொழிலுக்கே வந்தார்கள். அவர்களில் கணிதத்தில் தேர்ந்தவரான ஆப்ரகாம், அன்னாபெர்க் பள்ளியை எடுத்து நடத்தினார்.

அச்சேறாமல் போனது ஒன்று உண்டு. 1524-இல் ரீஸ் முடித்த இயற்கணித நூல், ‘கோஸ்’. தெரியாத தொகையை இத்தாலியர்கள் ‘பொருள்’ என்ற சொல்லால் குறித்தார்கள். அதிலிருந்து வந்த பெயர். சந்தைக் கணக்குக்கு மேலே ரீஸ் எவ்வளவு தூரம் போயிருந்தார் என்பது அதைப் பார்த்தால்தான் தெரியும். பழைய நூல்களிலிருந்து திரட்டிய சமன்பாட்டு வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஏராளமான கணக்குகள். ஷ்டூர்ட்ஸுக்குக் காணிக்கையாக்கப்பட்ட அந்த நூலை அச்சிட யாரும் முன்வரவில்லை. அடுத்த ஆண்டே கிறிஸ்டாஃப் ருடால்ஃப் எழுதிய இயற்கணித நூல் ஸ்டிராஸ்பூர்கில் அச்சாகி, ஜெர்மன் மொழியில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. ரீஸ் அதற்குப் பிறகும் தன் கையெழுத்துப்படியைக் கைவிடவில்லை. திருத்தினார், சேர்த்தார், இரண்டாம் பாகமும் எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் புருனோ பெர்லெட் என்ற அன்னாபெர்க் பள்ளி ஆசிரியர்தான் அதைப் பற்றி வெளியே சொன்னார். ரீஸின் கையெழுத்தில் முழு நூலும் நகல் பதிப்பாக வந்தது 1992-இல், பிறந்து ஐந்நூறு ஆண்டு என்று ஜெர்மன் அஞ்சல் துறை அவருக்குத் தபால்தலை வெளியிட்ட அந்த ஆண்டில்.